பிள்ளைகளுக்கு ரொக் இசை வாசிக்க எது சரி: பொக்ஸ் கிட்டாரா (கரன்ட் வேண்டாத சாதாரணக் கிட்டார்), தப்பு மேளமா, கீபோர்டா, முழு பேண்டா?

தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நேரம் வந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரிக் கேள்விதான் வரும். "அண்ணே, மகனுக்கு நாலு வயசு. பாட்டுன்னா உயிர். நானும் பள்ளிக்கூட காலத்துல கிட்டார் தட்டினவன்தான். வீட்டுலயே அவனுக்கு ரொக் மாதிரி ஏதாவது பண்ணிக் குடுக்கணும். எத வாங்குறது?" தலவாக்கலையிலிருந்து கேட்பார்கள், பண்டாரவளையிலிருந்து கேட்பார்கள். போன மாதம் மஸ்கெலியாவிலிருந்து ஒரு அம்மா கேட்டார். அவர் பாடுவார், கணவர் கோவில் திருவிழாவில் தாளம் போடுவார், கையில் இருக்கும் பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும்.

நான் இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன். இப்போது மனைவி, ஏழு வயது மகன், நாலு வயது மகள், பக்கத்து இரண்டு குடும்பங்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்காக வாசிக்கிறோம். நாலு வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறோம். இரண்டில் பணத்தை வீணாக்கியும் இருக்கிறோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பிள்ளைகளுக்கான ரொக் என்றால் எலக்ட்ரிக் கிட்டார் அலறியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. அமெரிக்காவில் 1980களில் டெல் ஃபியூகோஸ் என்ற ரொக் குழுவில் பாடிக்கொண்டிருந்த டேன் சேன்ஸ், தனக்கு மகள் பிறந்த பிறகு குடும்பமாகச் சேர்ந்து பாடும் பாட்டுகளின் பக்கம் திரும்பினார். அவர் கையில் பெரும்பாலும் சாதாரணக் கிட்டாரும் மாண்டலினும்தான். பின்லாந்தில் 2009இல் தொடங்கிய ஹெவிசாரஸ் குழு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். டைனோசர் உடை போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு முழு ஹெவி மெட்டல் வாசிக்கிறார்கள். இரண்டையும் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். ரொக் என்று நம் காதுக்குச் சொல்வது கருவியைவிட அந்தத் தட்டுதான். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணிக்கொண்டு ரெண்டிலும் நாலிலும் மட்டும் கை தட்டிப் பாருங்கள். வந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

பிள்ளை கை வைக்க முடியுமா. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பெரியது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்காது. தட்ட வேண்டும், இழுக்க வேண்டும், குதிக்க வேண்டும். "தொடாதே" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்ல வைக்கும் சாமான் பிள்ளைக்காக வாங்கியது ஆகாது. அது அப்பாவின் சாமான்.

சத்தம். இதில் இரண்டு கணக்கு. ஒன்று பிள்ளையின் காது. தொழிற்சாலைகளில் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் பாதுகாப்புக் கணக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அப்படிப் போனால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பிள்ளைகள் போனிலும் ஹெட்போனிலும் கேட்பதற்கு உலக சுகாதார அமைப்பு இன்னும் இறுக்கமாக, 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று சொல்கிறது. இன்னொரு கணக்கு பக்கத்துக் காம்பரா, அதாவது லயத்தில் அடுத்த குடும்பத்தின் அறை. லயத்தில் சுவர் பொது, பல இடங்களில் கூரைக்குக் கீழே சுவர் முழுதாக ஏறியிருக்காது. ராத்திரி வேலை முடித்துத் தூங்குகிறவர், கைக்குழந்தை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளை என்று எல்லாரும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

மழை. கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை ஈரம் காயாது. ஊவாப் பக்கம் வருஷக் கடைசியில் அதே கதை. மரம் ஊதும், தோல் தொய்யும், கம்பி துருப்பிடிக்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பாடுகிறவருக்கே தன் குரல் கேட்காது.

சொல் உடையாமல் நிற்குமா. இதற்குக் கீழே தனியாக இடம் வைத்திருக்கிறேன்.

எடுத்து வைக்க எவ்வளவு நேரம். மலையிலிருந்து திரும்பி, தண்ணீர் பிடித்து, அடுப்பை மூட்டி, பிள்ளையின் கொப்பியைப் பார்த்து முடித்த பிறகு மிஞ்சுவது அரை மணி நேரம். அதில் பதினைந்து நிமிடம் வயர் மாட்டப் போனால் அடுத்த வாரமே அந்தக் கருவி கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

| | பிள்ளையின் கை | சத்தம் | மழைக்காலம் | தொடங்க | விலைச்சீட்டில் இல்லாத செலவு |
|---|---|---|---|---|---|
| பொக்ஸ் கிட்டார் | பாதி | லயத்துக்கு ஏற்றது | கவனம் வேண்டும் | 1 நிமிடம் | கம்பி, கேப்போ (கம்பிகளை அமுக்கிச் சுருதி ஏற்றும் கவ்வி), உறை |
| தப்பும் வாளியும் | முழுதாக | வெளியில் நல்லது, உள்ளே அதிகம் | தோல் தொய்யும் | வாளி உடனே, தப்புக்குச் சூடு காட்ட வேண்டும் | தோல் மாற்று, கற்றுத் தருகிறவருக்குச் சம்பளம் |
| கீபோர்ட், போன் | கொஞ்சம் | குறைக்கலாம் | பரவாயில்லை, பதிவுக்குக் கஷ்டம் | 2 முதல் 10 நிமிடம் | அடப்டர், டேட்டா, ஸ்பீக்கர் |
| முழு பேண்ட் | ஆறு வயதுக்குப் பிறகு | மண்டபம் வேண்டும் | மின்னலில் ஆபத்து | அரை மணிக்கு மேல் | ஏற்றுக்கூலி, எர்த், காதுக் கவசம் |

## பொக்ஸ் கிட்டார்

பெரும்பாலானோர் இதில்தான் தொடங்குகிறார்கள், தப்பில்லை. ஆனால் புதிதாக ஒரு நல்ல கிட்டார் எடுக்கப் போனால் கொழுந்து பறிக்கும் ஒருவரின் மாதச் சம்பளத்தை நெருங்கும். அதனால் எதை எடுக்கிறோம் என்று யோசித்து எடுக்க வேண்டும்.

இரும்புக் கம்பி போட்டதும் உண்டு, நைலோன் கம்பி போட்டதும் உண்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் நைலோனைத்தான் சொல்வேன். விரலை அறுக்காது, துருப்பிடிக்காது, சத்தம் மெதுவாக இருக்கும். ரொக்கின் அந்த வெடுக்கென்ற ஓசை கொஞ்சம் குறையும், உண்மைதான். அதை வலது கையின் உள்ளங்கையால் கம்பியை லேசாக அமர்த்தி அடித்துச் சரிக்கட்டிவிடலாம். மேல்பலகை முழு மரமாக உள்ள விலை கூடிய கிட்டாரைவிட, ஒட்டுப்பலகை போட்டது நம் ஈரத்தைத் தாங்கும். ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், அடுப்புக்கு மேலேயும் தொங்கவிடாதீர்கள். என் முதல் கிட்டாரின் கழுத்து இரண்டு மழைக்காலத்தில் வளைந்து போனது. கடைக்காரர் ஒரு வருஷ உத்தரவாதம் என்று சொல்லித்தான் விற்றார். திருப்பிக் கொண்டுபோனபோது, ஈரத்தால் வந்த பழுதுக்கு அது செல்லாது என்றுவிட்டார்.

பிள்ளை எப்படிக் கை வைக்கும்? ஒரு வழி சொல்கிறேன். கம்பிகளைத் தடித்ததிலிருந்து மெல்லியது வரை டி, ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி கூட்டுங்கள். ஓப்பன் ஜி என்பது இதுதான். இப்போது இடது கையே தேவையில்லை, வெறும் கம்பியை வருடினாலே முழு கோர்ட் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) கேட்கும். பிள்ளையை மடியில் உட்கார வைத்து அது வருடட்டும். ஒரே விரலைக் குறுக்கே வைத்து கழுத்தில் உள்ள ஐந்தாம் கட்டுக்கும் (ஃப்ரெட்) ஏழாம் கட்டுக்கும் நீங்கள் நகர்ந்தால் மூன்று கோர்ட் கிடைத்துவிடும். நிறைய ரொக் பாட்டுக்கு அவ்வளவு போதும். என் மகள் மூன்று வயதிலேயே இப்படி "வாசித்தாள்".

அடுத்தது சுருதி. சின்னப் பிள்ளையின் குரல் சுகமாகப் போவது கீபோர்டின் நடு ஸியிலிருந்து அதற்கு மேலே உள்ள ஏ வரைக்கும்தான். அப்பா தன் தொண்டைக்கு வசதியாக ஒரு சுருதியைப் பிடித்துவிட்டுப் பிள்ளையைப் பாடச் சொன்னால், அது கீழேயும் போக முடியாமல் மேலேயும் எட்ட முடியாமல் கத்தும். கத்துவதைப் பார்த்து "பிள்ளைக்கு ராகம் வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். ஒரு கேப்போ வாங்கிக் கிட்டாரின் கழுத்தில் மாட்டி, பிள்ளையின் குரல் எங்கே உட்காருகிறதோ அங்கே சுருதியைத் தூக்குங்கள். அப்பா கஷ்டப்பட்டுப் பாடினால் போதும், அல்லது அம்மா பாடட்டும்.

கிட்டாரின் குறை, வாசிக்கிறவரின் இரண்டு கையும் மாட்டிக்கொள்கிறது. ஒரே ஆள் என்றால் தாளம் தட்ட ஆளில்லை. பிள்ளையோ முதலில் கேட்பது தாளத்தைத்தான். யுகுலேலியை நினைத்துக் கேட்கிறவர்களும் உண்டு. நாலு நைலோன் கம்பி, ஸி கோர்டுக்கு ஒரே விரல். ஐந்து வயதுக்கு மேல் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கருவி என்றால் கிட்டாருக்கு முன்னால் அதைத்தான் எடுப்பேன்.

லயத்தில் இருக்கிறவர், ராத்திரியில்தான் நேரம் கிடைக்கிறவர், கைக்குழந்தை உள்ளவர், ஏற்கெனவே நாலு கோர்ட் தெரிந்தவர். இவர்களுக்குக் கிட்டார்தான்.

## தப்பும் வாளியும்

இதை யாரும் கேட்பதில்லை. நான்தான் சொல்கிறேன், கேட்டவர்கள் முதலில் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

ரொக்குக்கு டிரம் செட் வேண்டும் என்கிறோம். டிரம் செட்டில் அடிப்படையாக இருப்பது என்ன? காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் "தும்", கையால் அறையும் சின்ன டிரம்மின் "சட்". தப்பை எடுத்துப் பாருங்கள். தடித்த குச்சி நடுவில் விழுந்தால் "தம்". மெல்லிய மூங்கில் குச்சி விளிம்பை ஒட்டி அறைந்தால் "சட்". ஒன்றிலும் மூன்றிலும் தடித்த குச்சி, ரெண்டிலும் நாலிலும் மெல்லிய குச்சி. தோளில் மாட்டக்கூடிய ஒரு டிரம் செட் நம் தோட்டத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) எழுப்பியது தப்புச் சத்தம். மாசி மாதம் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் தப்பு இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்கள். அந்த அடியைக் கேட்டு இடுப்பு ஆடாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இதன் மறைந்த செலவு பணத்தில் இல்லை. தப்பைச் சாவு மேளம் என்று ஒதுக்கும் வாய்கள் இன்னும் இருக்கின்றன. அடிக்கிறவர்களைச் சாதி சொல்லி வாசலில் நிறுத்திய பழக்கத்தின் மிச்சம் அது. நான் தப்பைக் கொண்டுவந்த அன்றைக்கு எங்கள் அப்பாயி, "வீட்டுக்குள்ள இத அடிச்சா ஆகாது" என்று எழுந்து போய்விட்டார். நான் வாதாடவில்லை. எங்கள் தோட்டத்தில் நாற்பது வருஷமாகத் தப்படிக்கும் ஒரு பெரியவரை வீட்டுக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, எல்லாரும் குடிக்கும் கோப்பையிலேயே தேத்தண்ணி கொடுத்து, மகனுக்குக் கற்றுத்தரச் சொன்னோம். மூன்றாவது ஞாயிறு அப்பாயியும் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த வழியை எடுக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் காத்து வைத்தவரை வெளியே நிறுத்தாதீர்கள். கிட்டார் வகுப்புக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அதை அவருக்கும் கொடுங்கள். இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கருவியின் சிக்கல்களும் உண்டு. ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், வாசிப்பதற்கு முன்னால் நெருப்பில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். ஜூலை மாதத்தில் மஸ்கெலியாவில் கால் மணிக்கு ஒரு தடவை காட்ட வேண்டி வரும். சின்னப் பிள்ளையும் நெருப்பும் ஒரே இடத்தில் என்றால் ஒரு பெரியவர் அதற்கென்றே நிற்க வேண்டும். பிளாஸ்டிக் தோல் போட்டதும் உண்டு. மழைக்கு நல்லது, ஆனால் "தம்" மெலிந்து கேட்கும். இன்னொன்று, பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் தப்பு அடித்தால் காது தாங்காது. வாசலுக்கு, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்து முற்றத்துக்கு, கோவில் திடலுக்குப் போய்விடுங்கள். உள்ளேதான் என்றால் தோலின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு வெறும் விரலால் தட்டலாம்.

மூன்று வயதுக்குக் கீழே தப்பு பாரம். அதற்குப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து வைத்து இரண்டு அகப்பைக் காம்பு. அரிசி போட்ட பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, மூடியை ஒட்டிவிட்டு. பணம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வாளியின் சத்தம் வறட்டென்று இருக்கும், சுவரைத் தாண்டிப் போகும். ஒரு பழைய சாக்கை வாளிக்குக் கீழே விரித்தால் பாதி குறையும்.

லயத்தில் யாராவது தவறிவிட்டால் அந்த நாட்களில் தப்பு அங்கே தேவைப்படும், நம் வீட்டில் சத்தம் கேட்கக் கூடாது. இதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம். என் மகனுக்கு ஐந்து வயதிலேயே புரிந்தது.

பிள்ளைகள் நாலு பேருக்கு மேல் சேரும் இடம், முற்றம் உள்ள இடம், பெற்றோரில் யாருக்கும் கோர்ட் தெரியாத வீடு. அங்கே இதை வேறு எதுவும் மிஞ்சாது.

## சொல்லையும் தாளத்தையும் பற்றி

எந்தக் கருவி வாங்கினாலும் பாட்டு உங்களுடையதாகத்தான் இருக்கப் போகிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் இது கை வைக்கும்.

ரொக் பாட்டில் வரியின் கடைசியைப் பிடித்து இழுப்பது வழக்கம். தமிழில் குறிலை இழுத்தால் நெடிலாகி வேறு சொல்லாகிவிடும். நான் எழுதிய முதல் பாட்டில் "குடை" என்ற சொல் உச்சியில் வந்தது. இழுத்துப் பாடினேன். மகள் கேட்டாள், "மழையில ஏன் கூடையைப் பிடிக்கணும், அம்மாவோட கொழுந்துக் கூடையா?" சரியான கேள்வி. சொற்களை இப்போதுதான் சேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் படு, பாடு, கல், கால் எல்லாம் குழம்பும். அன்றிலிருந்து இழுக்கும் இடத்தில் நெடில் சொல்லை மட்டும் வைக்கிறேன், குறில் சொல்லை வேகமாகத் தாண்டிப் போகிறேன். அப்புறம், சொல்லின் முதல் எழுத்து அடியின் மேலே விழ வேண்டும். எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டியது இது:

அட்டை அட்டை ஏறாதே
சப்பாத்துக்குள் சேராதே
உப்பு மூட்டை கையில் உண்டு
ஓடிப் போய்விடு கீழே நீ

அட்டை, அட்டை, ஏறா, தே என்று நாலு அடி. ரெண்டிலும் நாலிலும் பிள்ளைகள் காலைத் தரையில் உதைப்பார்கள், அட்டையை உதறுவது போல.

நம் கும்மிப் பாட்டுகளை இப்படி நேர் நாலில் திணித்தால் உடையும். கும்மி மூன்று மூன்றாக நடக்கும் நடை. ஆனால் ரொக்கிலும் ஷஃபிள் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று துண்டு. பழைய ரொக் அண்ட் ரோலில் இது நிறைய வரும். கும்மியை ஷஃபிளில் வைத்துப் பாருங்கள், ஒரு சொல்லும் நோகாமல் உட்காரும். பைலாவின் ஆறடி ஆட்டம் தெரிந்த கைக்கு இது பத்து நிமிட வேலை. கிட்டாரும் தப்பும் இந்த மாதிரி நடை மாற்றத்துக்கு உடனே வளைந்து கொடுக்கும். பிள்ளை ஒரு சொல்லை மறந்து நின்றால் காத்து நிற்கவும் செய்யும். அடுத்ததாக வருவது காத்து நிற்காது.

## கீபோர்டும் போனும்

கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்மும் பேஸும் தானாக ஓடும். ஒரே ஆள் முழு பேண்ட் ஆகலாம் என்பதுதான் கவர்ச்சி. வாங்கிய முதல் மாதம் எங்கள் வீட்டில் நடந்தது, பிள்ளைகள் டெமோ பாட்டை அழுத்திவிட்டு ஆடினார்கள். நாங்கள் பாட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. தானாக ஓடும் தாளம் பிள்ளைக்காக நிற்காது. நாலு வயதுப் பிள்ளை வரியை விட்டுவிட்டால் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும், பிடிக்க முடியாமல் அழும். மெதுவாக வைத்து, தாளத்தை மட்டும் ஓடவிட்டு, கோர்டைக் கையால் அழுத்தினால் இது கொஞ்சம் குறையும். அடப்டர் போனால் அதே வோல்ட்டும் அதே முனையமைப்பும் உள்ளது தேடி அலைய வேண்டும். பெட்டரியில் ஓடுமா என்று வாங்கும்போதே பாருங்கள், கரன்ட் போகும் நாளில் அதுதான் கை கொடுக்கும்.

போனில் பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலிகள் இருக்கின்றன. தாளம், கிட்டார், குரல் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பதியலாம். மழை இல்லாத விடியற்காலையில், கம்பளியைத் தலைக்கு மேல் போர்த்துக்கொண்டு குரலைப் பதிந்தால் தெளிவாக வரும். பகலில் கூரைச் சத்தம், கோழி, பக்கத்து வீட்டு ரேடியோ எல்லாம் சேர்ந்து பதிவாகும். பதிந்ததைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுவது ஹெட்போனில் வேண்டாம், ஸ்பீக்கரில் மெதுவாக வைத்தால் போதும்.

இவ்வளவு குறை சொன்னாலும், ஒரு வீட்டுக்கு இதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன வீடு, அப்பா கொழும்பில் கடையில் நின்று மாதம் ஒரு தடவை வரும் வீடு. நம் மலையகத்தில் அப்படி எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மா அங்கிருந்து ராத்திரி வேலை முடிந்த பிறகு போனில் பாடி அனுப்புவார். அப்பா இங்கே அதன் மேல் தாளம் வைப்பார். பிள்ளை அந்தப் பாட்டுக்கு வாளி தட்டும். ஒரே பாட்டில் மூன்று பேரும் இருக்கிறார்கள். இதைக் கிட்டாரால் செய்ய முடியாது.

## முழு பேண்ட்

எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம் செட், ஸ்பீக்கர் பெட்டி. ஆசை எனக்கும் உண்டு, குறை சொல்ல மாட்டேன். நல்ல மண்டபத்தில் முழு பேண்ட் எழுந்து ஒலிக்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் வெளிச்சம் வேறு எதிலும் வராது.

ஆனால் டிரம் செட்டை ஓங்கி அடித்தால் கிட்ட இருக்கும் காதுக்கு 100 டெசிபலைத் தாண்டும். மேலே சொன்ன 15 நிமிடக் கணக்கு பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாக நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கென்றே காதை மூடும் கவசம் இருக்கிறது, பஞ்சு போதாது. ஸ்பீக்கருக்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். குச்சிக்குப் பதில் பிரஷ் வைத்து அடித்தால் சத்தம் நன்றாகவே குறையும்.

அதைவிட நான் பயப்படுவது கரன்டுக்கு. பழைய லயங்களில் எர்த் வயர் சரியாக இல்லாத வயரிங் நிறைய. எர்த் இல்லாத பிளக்கில் அம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) மாட்டி, கையில் கிட்டார் கம்பியும் உதட்டில் மைக்கும் பட்டால் நம் 230 வோல்ட் உயிரையே எடுக்கும். நாங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அம்பில் எர்த் முனையை யாரோ வெட்டியிருந்தார்கள். கடையில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. மனைவிக்கு உதட்டில் சுரீரென்று அடித்த பிறகுதான் திறந்து பார்த்தோம். கரன்ட் கசிந்தால் தானாக வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் அம்ப் வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் வரும். வானம் கறுத்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும், பாட்டு பாதியில் இருந்தாலும்.

ஏற்றுக்கூலியும் பெரிது. மெயின் ரோட்டிலிருந்து லயத்துக்குப் படிகளில் டிரம் செட்டைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்டபத்தில் ஒலிபெருக்கி போடப் போனால் பொலிஸ் அனுமதி வேண்டும், ராத்திரி 10 முதல் காலை 6 வரை பொதுவாகக் கிடைக்காது. சின்னப் பிள்ளைகள் எட்டு மணிக்கே தூங்கிவிடுவார்கள், அது நமக்குத் தடையே இல்லை.

மூன்று நாலு குடும்பம் சேர்ந்து செலவைப் பங்கு போட முடிந்தால், பிள்ளைகள் ஆறு வயதைத் தாண்டியிருந்தால், ஹட்டன், நுவரெலியா, பதுளை மாதிரி டவுனில் தனி வீடோ மண்டபமோ கையில் இருந்தால், அப்போது முழு பேண்ட். பாலர் பாடசாலைக் கலைவிழா மட்டும்தான் நோக்கம் என்றால் வாங்க வேண்டாம், ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். நடுவில் ஒரு வழியும் உண்டு. 9 வோல்ட் பெட்டரியில் ஓடும் கைக்கடக்கமான அம்பும் மலிவான ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும். சத்தமும் அளவு, கரன்ட் பயமும் இல்லை. அந்தக் கரகரப்பான ரொக் ஓசை மட்டும் கிடைத்துவிடும்.

## கையில் ஒரே முற்பணம் என்றால்

நான் வாளியும் நைலோன் கிட்டாரும் என்றுதான் சொல்வேன், கிட்டார் செகண்ட் ஹேண்டாக இருந்தாலும். மஸ்கெலியா அம்மாவுக்கும் அதையே சொன்னேன். ஆனால் வரிசையை மாற்றி: கணவருக்குத் தாளம் தெரியும், அவர் முதலில் தப்பில் உட்காரட்டும், கிட்டார் அடுத்த வருஷம். அம்மா பாடுகிறார், தாளம் இருக்கிறது, பிள்ளை தட்டுகிறது. கோர்ட் இல்லாமலும் ரொக் நிற்கும், தாளம் இல்லாமல் நிற்காது.

மூன்று வயதுக்குக் கீழே ஒரே பிள்ளை என்றால் எதையும் வாங்க வேண்டாம். வாளி, போத்தல், உங்கள் குரல். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளை இருந்தால் வயது எதுவானாலும் நைலோன் கம்பி மட்டும், அதுவும் கதவுக்கு வெளியிலிருந்து தொடங்கி, நாலைந்து நாளில் மெல்ல மெல்லக் கிட்டே வாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கிட்டார் பார்க்கப் போனால் இதை மட்டும் மறக்க வேண்டாம். கழுத்தை ஒரு கண்ணால், துவக்கு குறி பார்ப்பது போல, நீளவாக்கில் பாருங்கள், வளைவு தெரியும். பன்னிரண்டாம் கட்டில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே மூக்கை வைத்து மோந்து பாருங்கள், பூஞ்சை நாற்றம் இருந்தால் அது ஏற்கெனவே ஒரு மழைக்காலத்தை மோசமாகக் கழித்திருக்கிறது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் அது எந்தக் கருவியை விட்டு நகர மறுக்கிறது என்று ஒரு பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள்.